கழற்றிய பிரேக்கும் ஒரு கட்டு வெள்ளைத் துணியும்

போன மாதம் என் மருமகன் புது பைக் வாங்கி வந்தார். வாசலில் நிறுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "மாமா, இதுல ஏபிஎஸ் இருக்குதுங்க" என்றார். தேங்காய் உடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, உடைத்த பிறகு ஒரு தடவை, டீ குடிக்கும்போது இன்னொரு தடவை அதையே சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அதைய ஒரு கார்லிருந்து கழட்டி மேசை மேல வெச்சவனுங்க நானு" என்றேன். மனிதர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்கிற மாதிரி என் மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுகிற வண்டியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளப் பார்க்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஒரு பெட்டிதான் ஏபிஎஸ். நல்ல சாமான். ரோட்டில் ஓடுகிற வண்டியிலிருந்து அதைக் கழற்றச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம். வந்தால் திட்டுதான் கிடைக்கும். நான் சொல்லப்போகிற கார் ரோட்டுக்கு ஆனதல்ல.

நான் குன்னத்தூர்க்காரன். எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் முடித்தவன் எல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனபோது நான் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெரிய லட்சியமெல்லாம் இல்லை. எனக்குப் பஞ்சுத் தூசி ஆகாது. பனியன் கம்பெனி வாசலில் நின்றாலே அடுக்குத் தும்மல் வரும். கிரீஸ் வாசம் ஒத்துக்கொண்டது, அங்கேயே தங்கிவிட்டேன். முதல் சில வருஷம் சக்கரம் கழுவினேன், பிறகு பஞ்சர், பிறகு சஸ்பென்ஷன், கடைசியில் பிரேக். பிரேக்குக்கு வந்ததும் என் ஃபோர்மேன் சாமுவேல் அண்ணாச்சி, "இனி நீ வேற எதுக்கும் போப்படாது" என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை போகவும் இல்லை.

அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கத்து ஆள். திருப்பூருக்கு வந்து தலை நரைத்த பிறகும் அவர் பேச்சில் ஒரு 'ங்க' ஒட்டவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் புதிதாக வருகிற ஆட்களுக்கு அண்ணாச்சியின் பேச்சு மரியாதை இல்லாததாகப்படும். இரண்டாவது தடவை வரும்போது அவரைத் தவிர வேறு யாரையும் வண்டியைத் தொட விடமாட்டார்கள். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வோம்.

பிரேக் விஷயத்தில் அவருக்கு இரண்டு சட்டம். ஒன்று, பிரேக்கில் காற்று எடுக்கும்போது பெடலில் உட்காருகிறவன் செருப்பைக் கழற்ற வேண்டும். பிரேக் பைப்புக்குள் ஆயில்தான் இருக்க வேண்டும், காற்று இருந்தால் வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் மேலே பெடலை மிதித்துப் பிடிப்பான், ஒருத்தன் கீழே சக்கரத்துப் பக்கம் சின்னத் திருகைத் திறந்து மூடுவான். "மிதி… புடி… விடு…" என்று கீழே இருப்பவன் சொல்லச் சொல்ல மேலே இருப்பவன் செய்வான். காற்று இருந்தால் பெடல் ஊறின அவலை மிதித்த மாதிரி இருக்கும், போய்விட்டால் கெட்டிப்படும். "அது உள்ளங்காலுக்குத்தான் தெரியும், செருப்புக்குத் தெரியாது" என்பார் அண்ணாச்சி.

இரண்டாவது சட்டம், பிரேக் பக்கம் பனியன் வேஸ்ட் வரக்கூடாது. திருப்பூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம் போட அண்ணாச்சியால்தான் முடியும். இங்கே மளிகைக் கடை, டீக்கடை, டாக்டர் வீடு எல்லா இடத்திலும் கை துடைக்க, மேசை துடைக்க, ஓட்டை அடைக்க பனியன் வெட்டுத்துணிதான். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஆனால் அதில் பஞ்சு உதிரும். பிரேக்குக்கு மட்டும் துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய வேட்டித் துணி. அண்ணாச்சி அதைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்.

ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த ரெண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு ஆடி மாதம் அந்தச் சிவப்புக் கார் வந்தது. ஜப்பான் கார், இரண்டு பேர் மட்டும்தான் உட்காரலாம். முன்விளக்கு இரண்டும் பானெட்டுக்குள் ஒளிந்திருந்து, பொத்தானை அழுத்தினால் கண்ணைத் திறக்கிற மாதிரி எழும்பும். ஓட்டிவந்தது கவிதா என்கிற பெண். ஊத்துக்குளி ரோட்டில் துணி நெய்து ஏற்றுமதி செய்கிற சின்னச்சாமி என்பவரின் ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் கோவைப் பக்கம் ஒரு பந்தயத் திடலில் இந்தக் காரை ஓட்டுவாள்.

"அண்ணாச்சி, இதுல இருக்கற ஏபிஎஸ்ஸைக் கழட்டோணுங்க" என்றாள்.

எங்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எதுக்குத் தாயி?" என்று பானெட்டைப் பார்த்தே கேட்டார். அவர் ஆட்களிடம் பேசினாலும் வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

அவள் விவரமாகச் சொன்னாள். திடலின் கடைசி வளைவுக்கு முன்னால் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அங்கே ஓங்கி பிரேக் பிடித்தால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. அந்தரத்தில் சக்கரம் நின்றதும், வண்டி வழுக்குகிறது என்று நினைத்து ஏபிஎஸ் பெட்டி பிரேக்கையே விட்டுவிடுகிறது. பெடல் கல்லாகிவிடுகிறது, கார் நேரே போகிறது. இரண்டு தடவை புல்லுக்குள் போயிருக்கிறாள். பழைய காலத்துப் பெட்டி, அதற்கு அவ்வளவுதான் புத்தி. வேறு பெட்டியும் கிடைக்கவில்லை.

"பியூஸைப் புடுங்கி உட்டாப் போதும்னு ஒருத்தர் சொன்னாருங்க. எனக்கு அது சரியாப் படலீங்க. அப்ப பின்சக்கரம் மொதல்ல பூட்டிக்குமே, காரு சுத்தீருமுங்களே?"

அண்ணாச்சி தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். "சரியாச் சொன்ன தாயி. கழத்தணும்னா முழுசாக் கழத்தணும். புதுசாப் பைப் போட்டு, பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கொறைக்கிற வால்வு வைக்கணும். செஞ்சு தாரேன். ஆனா அதுக்கப்புறம் இந்தக் காரு ரோட்டுல ஓடப்படாது. திடலுக்கு லாரியில ஏத்தித்தான் போகணும். சம்மதமா?"

"சம்மதமுங்க."

மறுநாள் அவளோடு அவள் அப்பாவும் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. திருப்பூரில் ரப்பர் செருப்பை வைத்து ஆளை எடைபோட முடியாது. நூறு மெஷின் வைத்திருப்பவரும் அதைத்தான் போட்டிருப்பார், அதில் வேலை பார்ப்பவரும் அதைத்தான் போட்டிருப்பார். வந்தவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏனுங்க அண்ணாச்சி, ஒலகமே பாதுகாப்பு வேணும்னு கேட்டு வாங்குது. இருக்கறதைய யாராச்சும் கழட்டுவாங்களா? இவங்கம்மாளுக்கு இது தெரிஞ்சா நான் ஊட்டுக்குள்ளயே போக முடியாதுங்க."

கவிதாதான் சொன்னாள். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மகளிடம், "செரி கண்ணு. நீ பொய் சொல்ல மாட்டே. கழட்டு. ஆனா ஒண்ணு. கழட்டினதுக்கப்புறம் பிரேக்குல ஒரே ஒரு கொறை வந்துச்சுன்னாலும் இந்தக் காரு நம்மூட்டுல நிக்காது. அன்னைக்கே வித்துப்போடுவேன். அப்பறம் அழுகக் கூடாது" என்றார்.

"செரிங்கப்பா" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. அந்தக் காரைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு அப்பா கொடுத்தது, கம்பெனி கொடுத்தது. அவளாகத் தேடிக்கொண்டது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

போகும்போது அவர் தன் வண்டியிலிருந்து ஒரு கட்டு எடுத்துவந்து நீட்டினார். புத்தம் புது வெள்ளைத் துணி. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்றிருந்தது. குளிர் நாட்டுக்காரர்கள் போடுகிற சட்டைக்கானது. "என்ற புள்ளை காருங்க. கண்ட வேஸ்ட்டுல தொடைக்கக் கூடாதுன்னு நானே நின்னு வெட்டியாந்தேன்." அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் போனதும் அலமாரியில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "கண்ணாடி தொடைக்க வச்சிக்கிடுங்க. பிரேக் பக்கம் வந்துச்சு, தொலச்சிருவேன்." எனக்கு அந்தக் கட்டைப் பார்த்ததுமே மூக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் பழைய ஆயிலை முழுக்க இறக்கினோம். ஏபிஎஸ் பெட்டிக்குள் இரண்டு பைப் போகும், நான்கு பைப் வெளியே வரும், சக்கரத்துக்கு ஒன்று. அந்த நட்டுகள் கெட்டியில்லாத உலோகம். சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிப் போகும். அதற்கென்று வாய் குறுகிய ஸ்பேனர் ஒன்று உண்டு, அதை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருக வேண்டும். ஒவ்வொரு பைப்பாகக் கழற்றி வாயில் ரப்பர் மூடி போட்டேன். பிறகு ஒயர் சாக்கெட், பிறகு தாங்கி போல்ட்டுகள். பெட்டி கையோடு வந்தது, மேசை மேல் வைத்தேன். நல்ல கனம். அண்ணாச்சி அதை வேட்டித் துணியில் சுற்றி, "இத ஊட்டுல பத்திரமா வை தாயி. என்னைக்காவது இந்தக் காரு ரோட்டுக்கு வரணும்னா, மறுபடி பூட்டாம வரப்படாது" என்று கவிதாவிடம் கொடுத்தார். அவள் அதைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் எல்லோரும் பின்பக்கக் கொட்டகையில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆடிக்காற்று ஒர்க்‌ஷாப்புக்குள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. காருக்குக் கிட்டே போன அண்ணாச்சி அப்படியே நின்றார். முன்பக்கம் வலது சக்கரத்துக்குப் போகிற பைப்பில் நான் போட்ட ரப்பர் மூடி கழன்று தரையில் கிடந்தது. பைப் வாயில் வெள்ளைத் துணி அழகாக உருட்டி அடைத்திருந்தது.

அண்ணாச்சி அதை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "யாரு வச்சது?"

எங்களில் எவனும் வைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிரேக்குக்கு ஆள் நான்தான். "அண்ணாச்சி, நான் இல்லீங்க" என்றேன். அவர் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். பைப்பில் காற்றடித்து, ஆயில் விட்டு அலசி, அந்த வேலையைத் தானே செய்தார். பிறகு போய் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார்.

அத்தனை வருஷத்தில் அவர் என் கையிலிருந்து ஒரு சாமானைப் பிடுங்கியது அன்றைக்குத்தான். செய்யாத தப்புக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தும்மினாலும் பரவாயில்லை, வேலையை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மிச்ச வேலை நடந்த நாட்களில் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் வேலையில் குறை வைக்கவில்லை. வெல்டிங் கம்பியை வளைத்து முதலில் அச்சு எடுத்தார், பிறகு அதே மாதிரி இரும்புப் பைப்பை வளைத்தார். எங்கும் நசுங்கக் கூடாது, எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, ஒன்றோடொன்று உரசக் கூடாது. பைப் வாயைக் குடை மாதிரி விரித்து உள்பக்கமாக இன்னொரு மடிப்பு மடிக்க வேண்டும். அந்த இரட்டை மடிப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வார். முன்சக்கரங்களுக்கு ஒரு பாதை, பின்சக்கரங்களுக்கு ஒரு பாதை, பின்பாதையில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு வால்வு. அது சென்னையிலிருந்து வந்தது. எல்லாம் முடிந்து காற்று எடுக்கிற நேரம், வழக்கமாக நான் உட்காருகிற பெடலில் வேறொருவனை உட்காரச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு தூணோரமாக நின்றேன். ஆயில் குமிழி இல்லாமல் வந்தது.

சோதனைக்கு இடம் சின்னச்சாமி கொடுத்தார். அவிநாசிபாளையம் தாண்டி அவருக்கு ஒரு மனை இருந்தது. பெரிய கம்பெனி கட்டப்போகிறேன் என்று சிமெண்ட் தளம் போட்டதோடு நின்றுபோயிருந்தது. நீளமான, வழுவழுப்பான, ஆளில்லாத தளம். துணிக் கட்டு ஏற்றுகிற லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போனோம். தன் நிபந்தனைக்குக் கார் தேறுகிறதா என்று பார்க்க அவரும் வந்திருந்தார்.

கம்பெனிக் கட்டிங் மேசையிலிருந்து துணி குறிக்கிற சாக்கட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. அதை வைத்து நான்கு டயரின் பக்கவாட்டிலும் பெரிய வெள்ளைக் கோடு போட்டார். சக்கரம் சுற்றும்போது கோடு தெரியாது, பூட்டிக்கொண்டதும் பளிச்சென்று தெரியும். ஓங்கி மிதித்தால் முன்சக்கரத்துக் கோடுதான் முதலில் தெரிய வேண்டும். பின்சக்கரத்துக் கோடு முந்திக்கொண்டால் கார் சுற்றிவிடும். நான் முழங்காலில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிதா ஹெல்மெட் போட்டுக்கொண்டு முதலில் மெதுவாக வந்து மிதித்தாள். சரியாக நின்றது. வால்வை ஒரு சுற்றுத் திருப்பினோம். கொஞ்சம் வேகம் கூட்டி வந்தாள். அதுவும் சரி. அடுத்தது நிஜமான வேகம். ஓங்கி மிதித்தாள்.

காரின் மூக்கு இடப்பக்கம் வெட்டி இழுத்தது. டயர் அலறியது. அவள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து நிமிர்த்தி, தளத்தின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினாள். வேறு ஆளாக இருந்தால் சோளக்காட்டுக்குள் போயிருக்கும்.

சின்னச்சாமி முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் நடந்து காரிடம் போனார். கவிதா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"போதும் கண்ணு. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அவள் அழவில்லை. "செரிங்கப்பா" என்று சாவியை அவர் கையில் வைத்தாள். அழுதிருந்தால்கூடப் பார்க்க முடிந்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தார். "வண்டிய வித்துக்கிடும். ஆனா எதுனால இழுத்துச்சுன்னு பாக்காம நான் இங்கன இருந்து கெளம்ப மாட்டேன்."

இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வலது முன்சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றினார். நான்கு கார் நீளம் தள்ளி நின்றுகொண்டிருந்த எனக்கே, ஆயில் ஒழுகாமல் சொட்டுவது தெரிந்தது. மெல்லிய கம்பியைக் கொக்கியாக வளைத்துப் பைப் வாய்க்குள் விட்டு இழுத்தார். புழு மாதிரி சுருண்ட வெள்ளைத் துணித் துண்டு ஒன்று வந்தது. முழுசாக உருவிவிட்டோம் என்று நினைத்த அடைப்பிலிருந்து ஒரு சுருள் உள்ளே வளைவில் தங்கிவிட்டிருந்தது. மெல்ல மிதித்தபோதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது, ஓங்கி மிதித்ததும் போய் ஹோஸ் வாயில் உட்கார்ந்துகொண்டது.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் உயிர் போய்விட்டது.

அதற்குள் சின்னச்சாமி கிட்டே வந்து அந்தத் துண்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். துணிக்காரர் பழக்கம் அது, கல்யாண வீட்டில் பந்தி விரிப்பைக்கூட அப்படித் தேய்த்துப் பார்ப்பார்கள். தேய்த்த விரல் நின்றது.

"இது எங்க துணிங்க."

"ஆமா. நீரு குடுத்த துணிதான். எங்க ஆளுகள்ல எவனோ அடைச்சிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

"உங்க ஆளுங்க இல்லீங்க அண்ணாச்சி" என்றார் சின்னச்சாமி. "நாந்தானுங்க அடைச்சேன். அன்னைக்கு அந்தப் பக்கமா வந்தவன் வேலை எப்படிப் போகுதுன்னு எட்டிப் பாத்தனுங்க. நீங்கல்லாம் சாப்பிடப் போயிருந்தீங்க. அந்த மூடி கீழ கெடந்துச்சு. காத்து புழுதியா அடிக்குது. கம்பெனில தொறந்த பைப்பைப் பாத்தா என்ற கை சும்மா இருக்காதுங்க, வேஸ்ட்டை வெச்சு அடைச்சுருவேன். மிசினுக்குள்ள பஞ்சு போகக் கூடாதுன்னு சின்ன வயசுலிருந்து பழக்கமுங்க. புள்ளை காராச்சேன்னு நல்ல துணியாப் பாத்து…"

அந்தத் துண்டைப் பிடித்தபடி நின்றார். நல்ல துணியாகப் பார்த்து, நன்றாக உருட்டி, அக்கறையாக அடைத்திருக்கிறார். மகளைக் கொல்லப் பார்த்ததும் அந்த அக்கறைதான்.

கவிதா கேட்டாள்: "அப்ப காரை விக்கோணுங்களாப்பா?"

அவர் சாவியை அவள் கையில் திருப்பி வைத்தார். "கார்ல கொறை இல்லை கண்ணு. கொறை என்ற கையில."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. பெட்டியிலிருந்து அந்த வாய் குறுகின ஸ்பேனரை எடுத்து, வேட்டித் துணியில் துடைத்து, என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு அவர் சின்னச்சாமியிடம், "அப்பம் நீரே வந்து உக்காரும்" என்றார்.

"யாரு, நானுங்களா?"

"ஆமா. மறுபடி காத்து எடுக்கணும். அடைச்ச ஆளுதான் மிதிக்கணும். செருப்பக் கழத்தும்."

அவ்வளவு தாழ்வான காரில் வேட்டியோடு ஏறுவது லேசில்லை. ஒரு காலை விட்டார், வெளியே எடுத்தார், மறு காலை விட்டார். கவிதா அவரைப் பிடித்து உள்ளே தள்ளி உட்கார வைத்தாள். பைப்பையும் ஹோஸையும் அலசிப் பூட்டிவிட்டு நான் சக்கரத்துப் பக்கம் படுத்துக்கொண்டேன். அண்ணாச்சி ஆயிலைப் பார்த்துக்கொண்டார்.

"மிதிங்க" என்றேன். "மிதிச்சனுங்க" என்று மேலிருந்து பதில் வந்தது. "புடிங்க." "புடிச்சுட்டனுங்க." திருகைத் திறந்தேன், குமிழி குமிழியாக வந்தது, மூடினேன். "உடுங்க." "உட்டுட்டனுங்க."

எங்கள் ஆட்கள் யாரும் இப்படி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னதில்லை. அவர் விடாமல் சொன்னார். போகப் போகக் குமிழி குறைந்தது. ஒரு கட்டத்தில் மேலே பேச்சையே காணோம். நான் பயந்து எட்டிப் பார்த்தேன். அவர் பெடலை மிதித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கெட்டியாயிருச்சுங்க" என்றார். "கால்லயே தெரியுதுங்க."

அன்றைக்கே மறுபடியும் சாக்கோடு போட்டுச் சோதித்தோம். எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் கார் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

பந்தயத்தன்று எங்களையும் திடலுக்குக் கூட்டிப் போனார்கள். நல்ல வெயில். கவிதா கண்ணாடி துடைக்க அந்த வெள்ளைத் துணிக் கட்டைக் கொண்டுவந்திருந்தாள், அது எங்கள் சாமான் பெட்டி மேல் கிடந்தது. சின்னச்சாமியை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. கடைசி வளைவுக்கு நேராக வேலியோரம் போய் நின்றுகொண்டார். துணைக்கு நானும் அண்ணாச்சியும் போனோம்.

கார்கள் சீறிக்கொண்டு கிளம்பின. முதல் சுற்றில் சிவப்புக் கார் அந்த மேடுபள்ளத்துக்கு வந்தபோது நானே வேலியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சின்னச்சாமியின் ரப்பர் செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது. வலது காலை வெறுங்காலாகத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார். "மிதி கண்ணு… புடி… புடி… உடு." கார் வளைவில் திரும்பிப் போனதும்தான் குதிகால் இறங்கியது. அடுத்த சுற்றிலும் அதே மாதிரி. தரை கொதித்துக்கொண்டிருந்தது, செருப்போடு நின்ற எனக்கே சூடு ஏறியது. அவருக்கு உறைக்கவே இல்லை.

மருமகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அந்தப் பொண்ணு எத்தனாவதா வந்துச்சுங்க மாமா என்றார். உண்மையாகவே எனக்கு நினைவில்லை. அண்ணாச்சி ஊருக்குத் திரும்பிப் போய்க் காலமாகியும் வருஷங்கள் ஆகிவிட்டன, கேட்டுச் சொல்ல ஆளில்லை. எனக்கு நினைவிருப்பது வேறு.

பாதிப் பந்தயத்தில் அண்ணாச்சி பெட்டியிடம் போய் அந்த வெள்ளைத் துணிக் கட்டை எடுத்துவந்தார். எந்த முதலாளிக்கும் குனியாத மனிதர் சின்னச்சாமியின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மெத்தென்ற பக்கம் மேலே வரும்படி துணியை நான்காக மடித்து, அடுத்த சுற்றுக்கு முன்னால் அவர் கால் தூக்கின நேரம் பார்த்து அதற்கடியில் தள்ளி வைத்தார். சின்னச்சாமி குனிந்து பார்க்கவில்லை. அவர் கண் வளைவை விட்டு நகரவில்லை. சிவப்புக் கார் வந்தது, அந்தத் துணி அழுந்தியது, கார் நின்று திரும்பியது.